ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டி

"மேடம், யாரோ என்ற ஃபைல்ல கை வெச்சிருக்காங்க" என்றார் ஆறுச்சாமி.

வான்மதி தன் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படிச் சொல்றீங்ணா?"

"ரூம் இருட்டா இருக்குதுங்க. நான் இருட்டாப் பண்ணலீங்க."

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்துமூன்று. இருபத்தைந்து வருஷம் ஒரு கட்டட ஆபீஸில் பிளான் வரைந்தவர் ஆறுச்சாமி. கோடு போட்டுப் போட்டு அலுத்துப்போய், வெளிச்சம் போடக் கற்றுக்கொள்ள வான்மதியிடம் வந்து எட்டு மாதம் ஆகிறது.

வான்மதியின் ஆபீஸ் கோயம்புத்தூரில், காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு இரண்டாவது மாடி. இன்னும் கட்டி முடியாத அறையைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவதுதான் அங்கே தொழில். ரெண்டர் என்பார்கள். சுவர், சோபா, திரைச்சீலை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம். வெளிச்சம் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது.

ஆறுச்சாமியை நம்பி முழுதாக ஒப்படைத்த முதல் படம் இது.

*

படத்தில் இருந்த ரூம் மரகதத்தினுடையது. சுந்தராபுரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் பின்பக்க ரூம்.

மரகதம் ரவிக்கை தைப்பவர். போன மாதம் டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு கருப்பு ரவிக்கைக்குக் கருநீல நூல் போட்டுத் தைத்துவிட்டார். கல்யாணத்தன்று வெயிலில் நின்றபோதுதான் அதைப் போட்டிருந்த பெண்ணுக்கே தெரிந்தது. அந்த வீட்டார் அப்புறம் வரவேயில்லை.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா மிஷினை மூடிப் போட்டுற வேண்டியதுதானுங்க" என்று முதல் நாள் வந்தபோது சொன்னார். "வீட்டுல மத்ததெல்லாம் எப்படியோ இருந்துட்டுப் போகுது. பகல் வெளிச்சத்துல உக்காந்து தைக்க ஒரு ரூம். அது ஒண்ணு போதுமுங்க."

வெள்ளிக்கிழமை அவர் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மேஸ்திரி ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போட்டுவிடுவார். அதற்கப்புறம் ஜன்னல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

அன்று திங்கள்.

*

"யார்மேல சந்தேகம்?" என்று வான்மதி கேட்டார்.

"கிருபா மேலங்க."

கிருபாகரன் பக்கத்து நாற்காலிக்காரர். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே வேலை பார்க்கிறவர்கள். சந்தேகத்துக்கு இது போதாதா?

"அவர் என்ன பண்ணினார்?"

"நான் படத்தைத் திறக்கறப்பவெல்லாம் சிரிக்கறாருங்க."

"அவர் காதுல என்ன இருக்குது?"

"ஹெட்செட்டுங்க."

"அதுல காமெடி ஓடிட்டிருக்குதுங்ணா."

ஆறுச்சாமி திரும்பிப் பார்த்தார். கிருபாகரன் சிரித்துக்கொண்டிருந்தார். காமெடி ஒரு சாக்கு என்று ஆறுச்சாமிக்குப் பட்டது.

*

செவ்வாய்க்கிழமை அவர் இருட்டோடு நேரடியாக மோதினார்.

மூலையில் ஒரு விளக்கு வைத்தார். சோபாவுக்குப் பின்னால் ஒன்று. கூரைக்குள்ளே யாருக்கும் தெரியாமல் நாலு. திரைச்சீலைக்குப் பின்னால், தையல் மிஷினுக்கு அடியில், கதவு இடுக்கில். எதுவும் கேமராவுக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டும் வரும். சாயங்காலத்துக்குள் பதினேழு விளக்கு ஆகிவிட்டது.

ரூம் நகைக்கடை மாதிரி ஜொலித்தது.

"பாருங்க மேடம்!"

வான்மதி எழுந்து வந்து பார்த்தார். தையல் மிஷினுக்குக் கீழே தரையில் விரலை வைத்தார்.

"இது யாரோட நிழல்?"

"மிஷினோடதுங்க."

"இது?"

"அதுவும் மிஷினோடதுங்க."

"அப்ப இது?"

ஆறுச்சாமி குனிந்து நிழல்களை எண்ண ஆரம்பித்தார்.

"ஒரு மிஷினுக்கு எத்தனை சூரியனுங்ணா?"

கேட்டுவிட்டு வான்மதி தன் இடத்துக்குப் போய்விட்டார். கிருபாகரன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருந்தார். இப்போதும் சிரித்தார். இதற்கு என்ன சாக்கு சொல்வார்கள் என்று ஆறுச்சாமி கறுவிக்கொண்டார்.

*

புதன்கிழமை காலையில் ஆறுச்சாமி குருவின் முன்னால் போய் நின்றார்.

"எனக்கு எல்லாத்து மேலயும் சந்தேகமா இருக்குதுங்க."

"எல்லாத்து மேலயும் சந்தேகப்பட்டா ஒண்ணும் அகப்படாதுங்ணா. ஒவ்வொண்ணா வெளிய அனுப்புங்க."

"எப்படிங்க?"

வான்மதி எட்டி, ஆபீஸ் டியூப்லைட் சுவிட்சை அணைத்தார். ஃபேனை நிறுத்தினார். ஏசியை நிறுத்தினார். மூன்று பேருக்கும் வேர்க்க ஆரம்பித்தது.

மெல்லிசாக 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"இந்தச் சத்தம் இவ்வளவு நாளா இருக்குது. ஏசிலதான்னு நெனச்சு ரெண்டு தடவை ஆளைக் கூப்பிட்டேன்" என்றார் வான்மதி. "கிருபா கம்ப்யூட்டர்ல இருந்து வருது."

கிருபாகரன் சிரிப்பை நிறுத்தினார். ஆறுச்சாமிக்கு எட்டு மாதத்தில் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

அவர் போய் உட்கார்ந்து, பதினேழு விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்தார். ஒவ்வொன்றை அணைத்த பிறகும் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். எந்த விளக்கும் குற்றவாளி இல்லை.

சூரியனைச் சந்தேகப்பட்டார். ஊர் கோயம்புத்தூர், மணி காலை பத்து. சரியாகத்தான் இருந்தது.

நிறங்களைச் சந்தேகப்பட்டார். சுவர், தரை, துணி எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் பூசிப் பார்த்தார். சாம்பல் நிறத்திலும் ரூம் இருட்டாகவே இருந்தது.

ஜன்னல் கண்ணாடியைச் சந்தேகப்பட்டுக் கழற்றி எறிந்தார். பலனில்லை.

மிச்சம் இருந்தது குரு.

*

யோசித்துப் பார்த்தால் எல்லாமே பொருந்தியது.

வான்மதியின் படங்களில் மட்டும் வெளிச்சம் எப்படி அவ்வளவு சாதுவாக வந்து உட்காருகிறது? தான் பக்கத்தில் போனால் அவர் ஏன் லேப்டாப்பை மூடுகிறார்? தொழிலில் எதையோ ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மீதியைத்தான் சொல்லித் தருகிறார். ஆறுச்சாமி இதைப் பல ஆபீஸ்களில் பார்த்தவர். அவரே நாலு பேருக்கு அப்படிச் செய்தவரும்கூட.

மத்தியானம் வான்மதி சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனார். கிருபாகரன் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஆறுச்சாமி லேப்டாப்பைத் திறந்தார். இந்த வயதில் இது தேவையா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் 'மரகதம் வீடு' என்ற ஃபோல்டரைத் திறந்துவிட்டார்.

உள்ளே ரகசிய விளக்கு எதுவும் இல்லை. போட்டோக்கள்தான் இருந்தன.

பூசாத ஒரு சிமெண்ட் சுவர். ஒரு பால்கனியில் காயும் ரோஸ் கலர் போர்வை. சுவரில் வரிசையாக ஆறு மின்சார மீட்டர். தரையில் நீட்டிப் போட்ட டேப்பு, அதன் நுனியில் வான்மதியின் செருப்பு.

இது ஏதோ மறைமுகக் கணக்கு என்று ஆறுச்சாமி முடிவு செய்தார். போர்வையில்தான் விஷயம் இருக்க வேண்டும்.

குழாய் நிற்கும் சத்தம் கேட்டது. லேப்டாப்பை மூடினார்.

*

வியாழக்கிழமை காலையில் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது.

ஃபைலில் இருந்த பொருள்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தார். சோபா போனது. திரை போனது. மிஷின் போனது. பட்டியலின் கடைசியில் 'பெட்டி' என்று ஒரு பெயர். அது அவர் வைத்ததல்ல.

அதை மறைத்தார்.

ரூமுக்குள் வெளிச்சம் கொட்டியது. மிஷின் இருந்த இடம், சுவர், மூலை, எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது.

மறுபடியும் பெட்டியைக் கொண்டுவந்தார். இருட்டு.

ஜன்னலுக்கு வெளியே, மேற்குப் பக்கம், நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெட்டியை யாரோ வைத்திருந்தார்கள். கேமராவுக்குத் தெரியாது. வானத்தை மட்டும் மறைக்கும். அவர் கூரைக்குள் நாலு விளக்கை ஒளித்து வைத்தாரே, அதே தந்திரம்.

"கிருபா, இது உங்க வேலைதானே?"

கிருபாகரன் எட்டிப் பார்த்தார். "இது மேடம் வெச்சதுங்ணா. ஃபைல் உங்க கைக்கு வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு."

ஆறுச்சாமிக்கு முகம் சுண்டிப்போனது. கிருபாவாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். குருவே செய்ததை எங்கே போய்ச் சொல்வது? தன்னைத் தோற்கடிக்கத்தான், இந்த வயதில் உனக்கெதற்கு இந்த வேலை என்று காட்டத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தார். நிஜமாகவே வலித்தது.

நேரே போய்க் கேட்டார்.

"பெட்டிய நீங்கதான் வெச்சீங்களா?"

"ஆமாங்ணா."

"எதுக்குங்க?"

"நீங்க வெக்கலையேன்னு."

"நாலு நாளா நான் முட்டிட்டுக் கெடக்கறனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க கிருபாவைக் கேட்டீங்க. சூரியனைக் கேட்டீங்க. நேத்து மத்தியானம் என் லேப்டாப்பைக்கூடக் கேட்டீங்க. ஜன்னலைக் கேக்கவே இல்லையேங்ணா."

ஆறுச்சாமி தலை குனிந்தார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அதை அழிச்சுட்டா ரூம் பளிச்சுன்னு ஆயிருதுங்க. அழிச்சுரட்டுங்களா?"

"தாராளமா அழிக்கலாம்." வான்மதி வண்டிச் சாவியை எடுத்தார். "அங்கயே போய் அழிச்சுட்டு வந்துரலாம், வாங்க."

*

மரகதத்தின் வீட்டுக்குத் தூணும் மேல்கூரையும் முன்பே போட்டாயிற்று; இடையில் சுவர்கள் ஜன்னல் மேல்மட்டம் வரை வந்து நின்றன. கிழக்கே ரோடு. பின்பக்கம் மேற்கே தையல் ரூம்.

பிளான் போட்டபோது மேற்கே காலி சைட். நடுவில் ஒன்றரை வருஷம் வேலை நின்றுபோனது. அந்த ஒன்றரை வருஷத்தில் பக்கத்து சைட்காரர் சும்மா இருக்கவில்லை.

ஆறுச்சாமி தையல் ரூமுக்குள் போய் நின்றார். மணி பத்து. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே அவருடைய திங்கட்கிழமைப் படம் அப்படியே இருந்தது. அதே மூலை, அதே இருட்டு.

கீழே கிடந்த சவுக்குக் குச்சியை எடுத்து ஜன்னல் ஓட்டை வழியாக நீட்டினார். முட்டியது. பூசாத சிமெண்ட் சுவர்.

ஜன்னலோரம் தலையை நீட்டி மேலே பார்த்தார். பால்கனியில் ரோஸ் கலர் போர்வை காய்ந்தது.

போர்வைக்கு மேலே ஒரு பெண்ணின் முகம் வந்தது.

"யாருங்க அது? எதுக்கு எங்க செவுத்தக் குத்தறீங்க?"

ஆறுச்சாமி குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்றார் வான்மதி. "இந்தக் கட்டடத்த அழிச்சுரலாமான்னு அண்ணா கேட்டார்."

அந்தப் பெண் போர்வையை இறுக்கிப் பிடித்தார்.

"எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"ஐயோ, இல்லீங்க அம்மணி" என்று ஆறுச்சாமி பதறினார். "சும்மா வெளிச்சம் இருக்குதான்னு பாக்க வந்தமுங்க."

"பட்டப்பகல்லயா?"

போர்வை உள்ளே போனது. கதவு சாத்தப்பட்டது. தாழ் போடும் சத்தம் கீழே வரை கேட்டது.

திரும்பி வரும்போது ஆறுச்சாமிக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் பிளான் வரைந்தவர். பக்கத்து சைட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. காகிதத்தின் ஓரத்தோடு உலகம் முடிந்துவிடும் என்றே இருந்துவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை மரகதம் வந்தார். கூடவே அவர் கணவர் குப்புராஜ். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் சூப்பர்வைசர். யாரையும் எளிதில் நம்பாதவர் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

ஆறுச்சாமி படத்தைக் காட்டினார். அதில் ஒளித்து வைத்த விளக்கு ஒன்றுகூட இல்லை.

மரகதம் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் வாடியது.

"என்னங்க இது, குகையாட்டம் இருக்குது?"

குப்புராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வேணும்னே இருட்டாக் காட்டறீங்களா? லைட்டுக் கடைக்காரங்ககூடப் பேசி வெச்சிருக்கீங்களா? இருட்டாக் காட்டுனாத்தான நாங்க பயந்துட்டு ஊருப்பட்ட லைட்டு வாங்கி மாட்டுவோம்?"

ஆறுச்சாமிக்கு அந்தக் குரல் ரொம்பப் பழக்கமான குரலாக இருந்தது. நாலு நாளாக அது அவர் தொண்டைக்குள்தான் குடியிருந்தது.

"வெளியில பக்கத்துக் கட்டடம் இருக்குதுங்க. அது வானத்த மறைக்குதுங்க" என்றார்.

"அது உங்க படத்துல நீங்க வெச்சதுதான? எடுத்துருங்க."

"எடுக்கலாமுங்க. அதுக்குள்ள ஆறு குடும்பம் இருக்குதுங்க."

குப்புராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தெனமும் சாயங்காலம் சைட்டுக்குப் போறவன். எவ்வளவு பெரிய ஜன்னல் தெரியுமா? எனக்கு நல்லாத்தான் இருக்குது. மரகதம், இவங்க ஏமாத்தறாங்க. நாளைக்கு லிண்டலப் போடச் சொல்லிர்றேன்."

ஆறுச்சாமி குருவைப் பார்த்தார். வான்மதி லேப்டாப்பை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்துபோனது.

"அம்மணி" என்று ஆறுச்சாமி மரகதத்தைக் கூப்பிட்டார். "பையில நூல்கண்டு வெச்சிருக்கீங்களா?"

*

சைட்டில், தையல் ரூமில் மிஷின் வரப்போகிற மூலையில், மரகதம் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். மணி பதினொன்று. குப்புராஜ் வாசலில் கைகட்டி நின்றார். வான்மதி வெளியே மணல்மேட்டோடு நின்றுவிட்டார்.

ஆறுச்சாமி மரகதத்தின் பையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்தார். நிறம் எழுதிய காகிதம் எதுவும் ஒட்டாத கண்டுகள். மரகதத்தின் மடியில் வைத்தார்.

"இதுல கருப்பு எதுங்க?"

மரகதம் சிரித்தார். "முப்பது வருஷமா தைக்கறனுங்க" என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் ஒரு தடவை பார்த்து, யோசிக்காமல் ஒன்றை எடுத்தார்.

"இது."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"இதுல பாக்க என்ன இருக்குதுங்க?"

"பாத்தீங்களா" என்றார் குப்புராஜ். "சரியா எடுத்துட்டா. வெளிச்சம் இல்லைன்னீங்களே."

ஆறுச்சாமி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றார். நாலு நாளில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவர் பேசாமல் நின்றது மரகதத்தை உறுத்தியது. நூல்கண்டைப் பார்த்தார். ஆறுச்சாமியைப் பார்த்தார். மறுபடி நூல்கண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கேயும் சந்தேகம் தீரவில்லை.

கண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிச்சம் தேடி நடந்தார். கூடத்தைத் தாண்டினார். வீட்டின் தென்கிழக்கு மூலைக்கு வந்து நின்றார். சமையல்கட்டுக்கு விட்டிருந்த இடம். ரோட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பகல் முழுசாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

கையைத் திறந்தார்.

கருநீலம்.

கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே தரையை ஒரு சாண், இரண்டு சாண் என்று அளக்க ஆரம்பித்தார். மிஷின் அளவு அவருக்கு மனப்பாடம்.

குப்புராஜ் பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"மேஸ்திரிக்குப் போன் போடுங்க. மிஷின் இங்க வருது. சமையல்கட்டு பின்னால போகுது."

"இது அக்னி மூலை. அடுப்பு இங்கதான் வரணும்னு ஜோசியர் அத்தனை தடவை சொன்னாரே!"

மரகதம் அளப்பதை நிறுத்தவில்லை.

"அடுப்பு எங்க வெச்சாலும் எரியுமுங்க."